கொழுந்தோடு வாடிய பலகை

காது குத்துக்குப் போகும் தாய்மாமன் கையில் வெற்றிலை பாக்கு இருக்கும், பட்டுப் பாவாடை இருக்கும், தோடு இருக்கும். என் கையில் அவற்றோடு ஆள் உயரத்துக்கு ஒரு பலகையும் இருந்தது. தலைமன்னாரில் சுங்க அதிகாரி மற்ற எல்லாவற்றையும் ஒரே பார்வையில் ஒதுக்கிவிட்டுப் பலகையை மட்டும் எடுத்து மேசைமேல் கிடத்தினார். தட்டிப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். உள்ளே எதையும் ஒளித்து வைக்க இடமில்லை என்று தெரிந்ததும் அவருக்கு என்மேல் இருந்த மரியாதையே குறைந்துவிட்டது.

"இதென்ன?" என்றார்.

"தண்ணீரில் சறுக்கும் பலகை. ஸ்கீ என்பார்கள். முன்னால் படகு இழுத்துக்கொண்டு போகும், நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இதன்மேல் நின்று போவேன்."

அவர் என்னையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தார். "படகு இருக்கேக்க நீர் ஏன் தண்ணியில நிக்கோணும்?"

கேட்டுவிட்டுப் பலகைமேல் சுண்ணக்கட்டியால் ஒரு கோடு போட்டு என் பக்கம் தள்ளினார்.

நான் மெட்ராஸில் படகு எஞ்சின் விற்கும் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். எஞ்சினுக்கு எவ்வளவு வலு என்று வாங்க வருபவருக்குக் காட்ட, எண்ணூர்க் கழிமுகத்தில் படகின் பின்னால் ஓர் ஆளைக் கட்டி இழுப்பது வழக்கம். அந்த ஆள் நான்தான். முதலில் வயிற்றுப் பாட்டுக்காக இழுபட்டேன், பிறகு அதில் பைத்தியம் பிடித்துவிட்டது. ஊர் திரும்பிய ஒரு கப்பல் இஞ்சினியர் தன் மரப் பலகையை எனக்கே விட்டுவிட்டுப் போனார்.

இந்த விளையாட்டில் கொஞ்சம் கடினமான பகுதி பந்துகளைச் சுற்றுவது. தண்ணீரில் மூன்று பந்துகள் வலப்பக்கமும் மூன்று இடப்பக்கமும் மிதக்கும். படகு நடுவே நேராகப் போகும். ஒற்றைப் பலகையில் நிற்கிறவன் வலம், இடம், வலம், இடம் என்று குறுக்கே வெட்டிப் போய் ஒவ்வொரு பந்தையும் வெளிப்பக்கமாகச் சுற்றி வர வேண்டும். நான் இடது காலை முன்னே வைப்பவன். வலப்பக்கத்துப் பந்துகளைத் தூக்கத்தில்கூடச் சுற்றுவேன். இடப்பக்கம் போனால் உடம்பு தானாகப் பின்னால் சாயும், பலகையின் மூக்கு மேலே தூக்கும், கயிறு தொய்யும். தொய்ந்த கயிறு மறுபடி விறைக்கும்போது தோள்பட்டை கழன்றுவிடும் போல ஒரு வெட்டு விழும். இரண்டாவது பந்தில் எப்படியோ தப்பிப்பேன். நான்காவதில் தண்ணீருக்குள் இருப்பேன். ஆறையும் ஒரே ஓட்டத்தில் சுற்றியது அதுவரை இல்லை.

இவ்வளவையும் சொல்லக் காரணம் என் தங்கை மரகதத்தின் கணவர் சிவலிங்கம். எங்கள் அத்தை மகன்தான். இலங்கை மலைநாட்டில் டயகமவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் தேயிலையின் பதம் பார்க்கும் உதவி டீமேக்கர். பெண் குழந்தைக்குக் காது குத்து, தாய்மாமன் மடி வேண்டும் என்று கூப்பிட்டவர், 'பலகையை மறக்காமல் கொண்டுவரவும்' என்றும் சொல்லியிருந்தார். ஏதோ ஆசையில் சொல்கிறார் என்று நானும் தூக்கிக்கொண்டு கிளம்பினேன்.

மலையேறும் ரயிலில் ஜன்னலை மூடவும் மனம் வரவில்லை, திறந்து வைக்கவும் உடம்பு ஒத்துக்கொள்ளவில்லை. றொசல்ல ஸ்டேஷன் தாண்டியதும் குளிர் காதுக்குள் நுழைந்தது. கொழுந்து பறிக்கும் பெண்கள் சரிவில் நின்றபடி ரயிலைப் பார்த்துக் கை காட்டினார்கள். வழியில் வாங்கிய பருப்பு வடையில் காய்ந்த செத்தல் மிளகாயை முழுசாகப் போட்டிருந்தார்கள். எங்கள் ஊர் வடையைக் கடித்தால் பசி அடங்கும், இதைக் கடித்தால் குளிர் அடங்குகிறது. ஊருக்கு ஏற்ற வடை.

தலவாக்கலையில் பஸ் ஏறினேன். கூரைமேல் காய்கறிக் கூடைகள். ஆகவே பலகை உள்ளே வந்தது. இரண்டு பக்க சீட்டுகளுக்கும் நடுவே பாலம் மாதிரி போட்டுவிட்டு நின்றேன். லிந்துலையில் ஏறிய இரண்டு பெண்கள், கைக்குழந்தையும் பையுமாக, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அதன்மேல் உட்கார்ந்தார்கள். கண்டக்டர் சிங்களத்தில் ஏதோ சொன்னார், பஸ்ஸே சிரித்தது.

"புது சீட்டுக்குத் தனி டிக்கட் கிழிக்கணுமான்னு கேக்குறாரு" என்று பக்கத்தில் நின்றவர் எனக்குச் சொன்னார்.

நானும் சிரித்துவைத்தேன். ஆனால் பலகை வளைந்துவிடுமே என்று அகரப்பத்தனை வரை எனக்கு உயிரே இல்லை. இறங்கியதும் முதல் காரியமாக ஒரு கண்ணை மூடிக்கொண்டு நீளவாக்கில் பார்த்தேன். நல்ல வேளையாக எப்போதும் போலத்தான் இருந்தது.

அங்கே காசிம் நானாவின் சாப்பாட்டுக் கடையில் மாப்பிள்ளை சிவலிங்கம் காத்திருந்தார். கோதுமை ரொட்டியும், கண்ணில் நீர் வரவழைக்கும் தேங்காய்ச் சம்பலும், பால் கலக்காத பிளேன்டீயும் வந்தன. தேயிலை விளையும் இடத்திலாவது நல்ல தேநீர் கிடைக்கும் என்று நினைத்திருந்தேன். நல்லதெல்லாம் பெட்டியில் ஏறிக் கப்பலுக்குப் போகிறது, பெட்டியில் ஏறாததைத்தான் இங்கே குடிக்கிறார்கள். ஆனால் அந்தக் குளிரில் அதுவே நன்றாகத்தான் இருந்தது.

"மச்சான்தான், நானா" என்றார் மாப்பிள்ளை. அவருக்கு மெதுவாகப் பேச வராது. "மெட்ராஸ்ல தண்ணி மேல போறவரு. ஆறு பந்தையும் பூ கோக்குற மாதிரி கோத்துக்கிட்டுப் போவாரு."

"விழ மாட்டாரா?" என்றார் நானா.

"மச்சானா? விழுறதா?"

எனக்குச் சம்பல் புரையேறியது.

கொழுந்து லொறியில் தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். ஸ்டோருக்குப் பக்கத்தில் அவர்கள் குவாட்டர்ஸ். தேயிலை ஃபேக்டரியை இங்கே ஸ்டோர் என்றுதான் சொல்கிறார்கள். குழந்தை என்னைப் பார்த்ததும் வீறிட்டு அழுதது. தாய்மாமன் மடியில் உட்கார வேண்டிய குழந்தை. மாப்பிள்ளை வேலைக்குக் கிளம்பும்வரை சிரித்துப் பேசிக்கொண்டிருந்த மரகதம், அவர் படியிறங்கியதும் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அண்ணே, உண்மையச் சொல்லுங்க. அந்த ஆறு பந்தையும் சுத்துவீங்களா?"

"மூன்று சுற்றுவேன்."

அவள் முகம் போன போக்கைப் பார்த்து எனக்குப் பயம் வந்தது. பிறகுதான் விஷயத்தைச் சொன்னாள். பெரிய டீமேக்கர் அந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு மாப்பிள்ளை பெயரும் அடிபடுகிறது, வேறு தோட்டத்து ஆள் ஒருவர் பெயரும் அடிபடுகிறது. முடிவு தோட்டத்துப் பெரிய துரை கையில்.

"துரைக்கு இவரு வேலை பிடிக்கும். வாய்தான் பிடிக்காது. சிவலிங்கம் சொல்றதுல பாதியக் கழிச்சிட்டுத்தான் கேக்கணும்னு எல்லாரு முன்னாலயும் சொல்லிட்டாரு. இப்ப உங்களப் பத்தியும் அளந்து வச்சிருக்காரு. நுவரெலியா சீசனுக்கு ஏரியில போட்டி வக்கிறாங்க. துரை அதுல உங்கள அவரு விருந்தாளின்னு சேத்துட்டாரு. நீங்க மூணாவது பந்தோட விழுந்தீங்கன்னா, பாதி கழிச்சது சரிதான்னு ஆயிருமே."

"மூன்று என்றால் சரியாகப் பாதிதான்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. "கையக் கால ஒடச்சிக்கிட்டு வந்தீங்கன்னா புள்ளைய எந்த மடியில வச்சுக் காது குத்துறது?" என்று அதையும் சேர்த்துக்கொண்டாள்.

மறுநாள் காலை மாப்பிள்ளை என்னை ஸ்டோருக்கு அழைத்துப் போனார். மேல் மாடிகளில் சணல் துணித் தட்டுகள் அடுக்கடுக்காக நீளத்துக்கு இருக்கின்றன. பறித்து வந்த கொழுந்தை அவற்றில் மெல்லிசாகப் பரப்பி, கீழே அடுப்பிலிருந்து வரும் வெதுவெதுப்பான காற்றை விசிறி வைத்து அனுப்புகிறார்கள். கொழுந்தில் உள்ள ஈரம் போய் அது துவள வேண்டும். வாட்டம் என்பது இதுதான். வாட்டம் குறைந்தாலும் கெடும், கூடினாலும் கெடும். சரியான நேரத்தைச் சொல்வதுதான் டீமேக்கர் வேலை. அந்த மாடியின் வாசனையை என்னால் எழுத முடியாது. பச்சை வாசனையும் பழ வாசனையும் கலந்த ஒன்று. மெட்ராஸ் திரும்பிய பிறகும் என் சட்டையில் இருந்தது.

"கொழுந்த நாம வாட்டல மச்சான், காத்துதான் வாட்டுது. நாம பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டிருக்கணும். அவசரப்பட்டா ஒண்ணும் நடக்காது" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது பெரிய துரை மாடியேறி வந்தார். வெள்ளைக்காரர், நெடு நெடுவென்று உயரம், முட்டிவரை காலுறை.

"என்னா சிவலிங்கம், வாடிருச்சா?" துரை பேசுவது தோட்டத்துத் தமிழ். அதில் மரியாதைச் சொல் மட்டும் கிடையாது. வேலை வாங்கக் கற்ற தமிழ் அப்படித்தான் இருக்கும்.

"வாடிருச்சுங்க சார். இப்பவே எறக்கலாம்."

துரை ஒரு பிடி கொழுந்தை அள்ளி, இறுக்கிப் பிடித்து, விரலைத் திறந்து பார்த்தார். உருண்டை பிரியாமல் அப்படியே இருந்தது. "ம், வாடிருச்சு" என்றார்.

அவர் இறங்கிப் போனதும் மாப்பிள்ளை அந்த உருண்டையை உதிர்த்துத் தட்டில் மறுபடி பரப்பினார். "பெரிய டீமேக்கர் வாடிருச்சுன்னு சொன்னா அவரு தொட மாட்டாரு மச்சான்" என்றார். அவர் சின்னக் குரலில் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்கு அவர்மேல் இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. எப்படியாவது ஆறு பந்தையும் சுற்றிவிட வேண்டும் என்று அப்போதுதான் நானும் நினைத்தேன்.

அன்று மத்தியானம் துரை தன் காரிலேயே என்னை நுவரெலியாவுக்கு அழைத்துப் போனார். பலகை ஜன்னல் வழியாக நீட்டிக்கொண்டு வந்தது. கிரகரி ஏரியில் அவருடைய படகு. எஞ்சினுக்குப் பழைய வலு இல்லை என்று அலுத்துக்கொண்டார். மலை உயரத்தில் காற்று லேசு, கடல் மட்டத்துக்கு விடும் அளவு பெட்ரோல் விட்டால் எஞ்சினுக்கு மூச்சு முட்டும். கார்புரேட்டரைக் கழற்றிப் பெட்ரோல் துளையை மாற்றிக் கொடுத்தேன். படகு துள்ளியது. அந்த மட்டில் துரைக்கு என்மேல் நல்ல எண்ணம் வந்தது.

தண்ணீரில் இறங்கியதும் அது போய்விட்டது. முதலில் காலைப் பலகையின் ரப்பர் உறைக்குள் நுழைக்கவே பாதி உயிர் போயிற்று. எண்ணூரில் வழுக்கிக்கொண்டு போகும் ரப்பர், இங்கே குளிரில் விறைத்துத் தோல் செருப்பு மாதிரி கடித்தது. சோப்பைக் கரைத்து ஊற்றித்தான் காலைத் திணித்தேன். நான்காவது பந்தில் விழுந்தேன். திரும்ப இழுத்தார், நான்காவதில் விழுந்தேன். கரைக்கு வந்து ரப்பர் உறைகளைக் கழற்றி அரை விரல் முன்னால் தள்ளித் திருகினேன். எடை முன்னே போனால் மூக்கு தண்ணீரைக் கவ்வும் என்பது கணக்கு. விழுந்தேன். பின்னடியில் சுக்கான் மாதிரி இருக்கும் சின்னத் தகட்டை அரத்தால் கொஞ்சம் ராவினேன், பலகையின் வால் லேசாக வழுக்கித் திரும்பட்டும் என்று. அதற்கும் அதே நான்காவது பந்துதான்.

"ஒரு சந்தேகம்" என்றார் துரை ஆங்கிலத்தில், ரொம்ப மரியாதையாக. "சிவலிங்கம் சொன்ன மைத்துனர் நீங்கள்தானா? அவருக்கு இன்னொரு மைத்துனர் இல்லையே?"

பல் கிட்டிப்போயிருந்ததால் தலையை மட்டும் ஆட்டினேன்.

ராத்திரி குவாட்டர்ஸில் சுடு சோறும் ரசமும் உள்ளே போன பிறகுதான் பேச்சு வந்தது. "எல்லாம் இந்தப் பலகையால். வார்னிஷ் விட்டுப்போய் மரம் தண்ணீர் குடித்துவிட்டது. இரண்டு ஆள் கனம் கனக்கிறது" என்றேன். கோணல் நடைக்குச் செருப்பைக் குறை சொன்ன கதைதான்.

மாப்பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்தார். "தண்ணிய எடுக்கணும், அவ்வளவுதான? அதுதான மச்சான் எங்க வேலையே. காலையில காஞ்ச சருகு மாதிரி குடுக்குறேன்."

நான் தூங்கிப்போனேன்.

விடிந்து கதவைத் திறந்தால் மாப்பிள்ளை பலகையோடு நிற்கிறார். அதை என் பக்கம் நீட்டினார். பலகையை வாங்கிக் கண்ணுக்கு நேரே பிடித்தேன். மூக்கும் வாலும் மேலே தூக்கி, நடு வயிறு கீழே இறங்கி, வாழைப்பழம் மாதிரி இருந்தது.

நடந்தது இதுதான். வாட்டும் மாடியில் வெதுவெதுப்பான காற்று வந்து விழும் இடத்தில், இரண்டு மரச் சட்டங்களின்மேல் பலகையின் இரு முனையையும் தாங்கவைத்துவிட்டு இவர் கீழே இறங்கிவிட்டார். அந்தி மழையில் நனைந்த கொழுந்து சாக்குச் சாக்காக மாடிக்கு ஏறியிருக்கிறது. தூக்கி வந்தவர்கள், இறக்கிவைக்கத் தோதாகப் பலகை போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, ஈரக் கொழுந்துச் சாக்கு ஒன்றை அதன் நடுவே வைத்திருக்கிறார்கள். விடியும்வரை சாக்கும் அங்கேயே இருந்திருக்கிறது. கீழிருந்து சூடான காற்று, மேலே கனம். ஊறிய மரம் வேறு என்ன செய்யும்?

வாய்க்கு வந்ததெல்லாம் பேசினேன். போட்டி அன்றைக்குத்தான். துரையிடமும் ஒரு பலகை இருந்தது, ஆனால் அதில் என் கால் நுழைந்தால் கூடவே ஒரு பூனையும் நுழையலாம், அவ்வளவு பெரிய உறை. "உங்கள் வாயாலும் கெடுத்தீர்கள், கையாலும் கெடுத்தீர்கள்" என்றேன். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். மரகதம் அடுப்படியிலிருந்து, "அண்ணே, போதும்" என்றாள். அதோடு நிறுத்தினேன். பிறகு மாப்பிள்ளை, மரகதம், குழந்தை, நான், வாழைப்பழம் எல்லோரும் பஸ் ஏறினோம். இந்தத் தடவை கண்டக்டர் ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் முகங்கள் அப்படி இருந்திருக்கும்.

சீசன் நாளில் ஏரிக்கரை திருவிழாத்தான். குடை பிடித்த துரைசானிகள், குதிரைச் சவாரி, பலூன், கொதிக்கும் கடலை. மழை வரட்டுமா என்று மலைமேல் மேகம் நின்று கேட்டுக்கொண்டிருந்தது. போட்டிக்கு முன்னால் பழகிக்கொள்ள ஆளுக்கு ஒரு தடவை இழுத்து விட்டார்கள். என் முறை வந்தது. சரி, மானம் போவது போவதுதான், இரண்டு தடவையாகப் போகட்டும் என்று இறங்கினேன்.

பலகை நேராகப் போகும்போது மந்தமாக இருந்தது. முன்பிருந்த வேகம் இல்லை. ஆனால் முதல் பந்துக்குப் பக்கத்தில் வழக்கம்போல் உடம்பைத் திருப்பினேன், அவ்வளவுதான், நான் திரும்புவதற்கு முன் பலகை திரும்பிவிட்டது. நான் ஒரு பக்கம், அது ஒரு பக்கம். என் வாழ்நாளில் முதல் பந்திலேயே விழுந்தது அன்றைக்குத்தான்.

கரையில் கை தட்டிச் சிரித்தார்கள். நான் தண்ணீரில் மிதந்துகொண்டே யோசித்தேன். வளைந்த பலகை தண்ணீரில் உட்காரும் இடம் குறைவு. ஆகவே இழுக்கும்போது மந்தம், திரும்பும்போது பம்பரம். இத்தனை வருஷம் இடப்பக்கத்தில் நான் பலகையோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தேன், நேரான பலகைக்கு அது தேவைப்பட்டது என்று நினைத்தேன். இதற்கு மல்லுக்கட்டே வேண்டாம். படகு கிளப்பும் அலையைத் தாண்டும்போது சீக்கிரமே சாய்ந்து இழுத்து வேகத்தைச் சேர்த்துக்கொண்டு, பந்துக்குப் பக்கத்தில் ஒரு கையை விட்டுவிட்டு, படகுப் பக்கத்துக் கையை நீட்டி, முன்கால்மேல் நிமிர்ந்து சும்மா நிற்க வேண்டும். திருப்புவது அதன் வேலை. கரையேறியதும் ரப்பர் உறைகளைக் கழற்றி மறுபடி பழைய துளைகளுக்கே தள்ளித் திருகினேன். இந்தப் பலகைக்கு எடையை முன்னே தள்ளினால் இன்னும் துடுக்காகிவிடும்.

படித்துறையில் உட்கார்ந்து காலில் சோப்பைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் மாப்பிள்ளையின் குரல் கேட்டது. துரையிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"சார், நான் சொன்னது நெசமில்லைங்க. மச்சான் ஆறு பந்தையும் சுத்துனதே இல்ல. நாலாவதுல விழுந்துருவாரு. அந்தப் பலகையும் வளஞ்சு கெட்டுப்போச்சு, அது என் தப்பு, வாட்டுற மாடியில வச்சேன். அவர எறக்க வேணாங்க. அடிபட்டுருவாரு."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. சோப்பைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். வாய்க்கு வந்தபடி காலையில் பேசினேனே என்று மனசு சுட்டது. தானாகவே போய்த் தன் வேலையைத் தானே கெடுத்துக்கொள்கிற அளவுக்கு என் கை கால்மேல் இந்த மனிதருக்கு அக்கறை.

துரை குனிந்து என்னிடம், "நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"இழுங்கள்" என்றேன்.

முதல் பந்து எப்படி வந்தது, எப்படிப் போனது என்று தெரியவில்லை. இரண்டாவதற்கு முன் உடம்பு பழக்கதோஷத்தில் பின்னால் சாயப் பார்த்தது. கையை நீட்டிக்கொண்டு நின்றேன். கயிறு விறைப்பாகவே இருந்தது, பலகை தானாக வட்டம் போட்டது. மூன்று. அங்கேயே சாய்ந்து இழுத்தேன், படகின் பின் அலை ஒன்று முதுகெலும்பில் உதைத்தது. நான்காவது பந்து சிவப்பாக, பெரிதாக, என்னைத் தெரியும் என்பது போல வந்தது. ஒன்றும் செய்யாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒன்றும் செய்யாமல் நிற்பது மாதிரி கஷ்டமான வேலை உலகத்தில் இல்லை. பலகை திரும்பும் வரை நின்றேன். பந்து எனக்குப் பின்னால் போய்விட்டது.

ஐந்தாவது எனக்குச் சொந்தப் பக்கம். ஆறாவதைச் சுற்றும்போது சத்தமாகச் சிரித்துக்கொண்டே சுற்றினேன் என்று மரகதம் பிறகு சொன்னாள். அவள் நான்காவது வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தாளாம், கரையில் சிரிப்புச் சத்தம் கேட்காததால் திறந்து பார்த்தாளாம். அடுத்த சுற்றில் படகு வேகத்தைக் கூட்டினார்கள், இரண்டாவது பந்தில் தலைகுப்புற விழுந்தேன். யாருக்கு என்ன? பரிசெல்லாம் யாரோ துரைகள் வாங்கிக்கொண்டு போனார்கள். என் சந்தோஷத்துக்கு அந்த ஏரி போதவில்லை.

துரை துண்டோடு வந்து நின்றார். அதை என் தோளில் போட்டார். மாப்பிள்ளையைப் பார்த்தார். "என்னா சிவலிங்கம்? எப்பவும் கூட்டிச் சொல்லுவே. இன்னைக்குக் கொறச்சுச் சொல்றே. நான் இப்ப எதக் கழிக்கிறது, எதக் கூட்டுறது?"

மாப்பிள்ளை குனிந்து பலகையில் ஒட்டியிருந்த தண்ணீரைத் துடைத்தார்.

துரை என் பலகையை எடுத்து, நான் செய்வது மாதிரியே ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். வளைவை விரலால் தடவினார். "வாட்டுற மாடியிலயா?" என்றார்.

"ஆமாங்க சார். ஒரு சாக்குக் கொழுந்தோட."

துரை சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. பலகையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

மறுநாள் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் காது குத்து. தோள்பட்டை ஒரு பக்கம் தூக்கவே முடியவில்லை, ஆனால் மடிக்கு ஒன்றும் ஆகவில்லை. குழந்தை முதல் காதுக்கு அழுதது, இரண்டாவது காதுக்கு என் கையைக் கடித்தது. சர்க்கரைப் பொங்கலும் கொண்டைக்கடலையும் எல்லோருக்கும் கொடுத்தார்கள். எங்கள் பக்கம் மொட்டையடித்து, விருந்து வைத்து, உறவில் யாராவது கோபித்துக்கொண்டு போனால்தான் காது குத்து முடியும். இங்கே யாரும் கோபித்துக்கொள்ளாமலே முடிந்துவிட்டது.

கிளம்பும் நாள் காலை, சொல்லிக்கொண்டு வர ஸ்டோருக்குப் போனேன். வாட்டும் மாடியில் இரண்டு சட்டங்களின்மேல் துரையின் பெரிய பலகை படுத்திருந்தது, நடுவே ஒரு சாக்கு. துரை அதன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"எப்ப ஆகும்?" என்று கேட்டார்.

பழைய மாப்பிள்ளையாக இருந்தால், நாளைக்கே மச்சான் பலகையைத் தூக்கிச் சாப்பிடுகிற மாதிரி செய்து தருகிறேன் என்றிருப்பார். "தெரியலைங்க சார்" என்றார். "கொழுந்து எனக்குத் தெரியும். மரம் எனக்குத் தெரியாது. கெட்டும் போகலாம்."

துரை தலையை ஆட்டினார். பிறகு பக்கத்துத் தட்டுகளில் பரப்பியிருந்த கொழுந்தைப் பார்த்தார். "அது?"

"வாடிருச்சுங்க."

துரையின் கை பழக்கத்தில் தட்டுப் பக்கம் நீண்டது. பாதி வழியில் நின்றது. அந்தக் கையைக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "சரி, எறக்கு" என்று சொல்லிவிட்டு மாடிப்படி இறங்கிப் போனார்.

மாப்பிள்ளை அதைக் கவனித்தாரா என்று எனக்குத் தெரியாது. அதற்குள் அவர் கொழுந்தை இறக்கச் சொல்லி ஆட்களுக்குக் குரல் கொடுக்கத் தொடங்கியிருந்தார். நான் வேகமாகக் குவாட்டர்ஸுக்கு நடந்தேன். மரகதம் எனக்கு வழிக்கு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"கையில பிடிச்சுப் பாக்கலையா?"

"இல்லை."

"மோந்துகூடப் பாக்கலையா?"

"தொடவே இல்லை மரகதம்."

அடுப்பில் ரொட்டி கருகிற்று. அவள் எடுக்கவில்லை. முந்தானையால் முகத்தை ஒரு தடவை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். பிறகு என் பக்கம் குனிந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்.

"அண்ணே, இத நீங்க அவருகிட்டச் சொல்லிறாதீங்க. அப்புறம் டயகம பூராவும் சொல்லிக்கிட்டுத் திரிவாரு."